சொன்னால் கேட்கிற மாஸ்டர்

போன ஞாயிற்றுக்கிழமை எதுவும் நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் குதிரையிலிருந்து விழவில்லை. குதிரை மிரளவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இன்று வியாழக்கிழமை, இன்னமும் காலையில் காபியை ஆறவிட்டுவிட்டு அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஓசூரிலிருந்து கர்நாடக எல்லையைத் தொடுகிற பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. அவளை அங்கே சேர்ப்பதற்கு முன்னால் நான் ஏறி இறங்காத இடமில்லை. தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள் நான். பட்டியல் போடாமல் எனக்கு எதையும் செய்யத் தெரியாது. ஹெல்மெட் இருக்கிறதா, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், குதிரைக்கு என்ன வயது, அது யாரையாவது தள்ளிவிட்டிருக்கிறதா, சொல்லிக்கொடுப்பவர் எங்கே கற்றார், ஒரு நேரத்தில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நான்கு இடங்களில் அந்தத் தாள்களைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்கள். ஐந்தாவது இடத்தில் ஒரு பெண் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஆனேக்கல் பக்கத்துக்காரி. இருபத்தைந்து வயது இருக்கலாம். கன்னடம் கலந்த தமிழ். அவளிடமே சேர்த்துவிட்டேன்.

போன ஞாயிறு மூன்றாவது வகுப்பு. மகள் குதிரை மேல் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நடுவில் நின்று குதிரையோடு இணைத்த நீளக் கயிற்றைப் பிடித்திருந்தாள். நான் வேலியோரம் செல்போனோடு நின்றேன். எந்தப் பக்கம் போய் எடுத்தாலும் படத்தின் குறுக்கே அந்தக் கயிறு விழுந்தது.

"மேடம், அந்தக் கயிற ஒரு நிமிஷம் கழட்டிவிடுங்களேன்" என்றேன். "ஒரே ஒரு வீடியோ. நல்லாத்தான் ஓட்டறாளே."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆகல்ல மேடம், முடியாது."

"ஒரு ரவுண்டுதான்."

"ஒரு ரவுண்டும் இல்ல, அரை ரவுண்டும் இல்ல. நீங்க அங்க நின்னா பாப்பா உங்களத்தான் பாக்கறா, குதிரைய பாக்கறதில்ல. போய் பெஞ்ச்சுல உக்காருங்க."

வேறு இரண்டு அம்மாக்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா போன பிறகு அவர் எங்களோடுதான் இருக்கிறார். எழுபத்தாறு வயது. நான் திரும்பியபோது, கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தார். தன் மகளான என்னைப் பேசிவிட்டாளே என்று கோபத்தில் எழுந்தாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காரில் வரும்போது பொரிந்து தள்ளினேன். "காசு குடுக்கறது நாம. உக்காரு நில்லுன்னு அவ சொல்றா. பாகலூர் ரோட்டுல ஒருத்தர் இருக்காராம். நல்ல மனுஷனாம், நாம சொன்னா கேப்பாராம். அங்க மாத்திடலாம்."

"அம்மா, ப்ளீஸ்மா, அக்காவ மாத்தாத" என்றாள் மகள்.

பின் சீட்டிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. முப்பத்தைந்து வருடமாகக் குதிரை என்ற சொல்லையே வாயில் எடுக்காத மனிதர்.

"மாத்தாத" என்றார். "சொன்னா கேக்கற ஆளு வேணாம்."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார். வேலியோரம் நின்று நான் கேட்டேனே, அந்தச் சொற்கள் என்னுடையவை அல்ல. அவற்றை முதலில் சொன்னவர் என் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தார். அந்த வருடம்தான் சூப்பர்வைசர் ஆனார். சூப்பர்வைசர் ஆனதில் சம்பளத்தைவிட அவருக்குப் பெரிதாகப் பட்டது, தனக்கென்று ஒரு மேசை கிடைத்ததுதான். பல வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவருக்கு ஒரு மேசை. அதன் மேல் என்ன வைப்பது என்ற கேள்வி அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை என்று அம்மா பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள்.

மேனேஜரின் மேசையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம் இருந்தது. அவருடைய மகள் குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் படம். பெங்களூரில் எடுத்தது. எங்கள் வீட்டில் என்னுடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோவில், தாஜ்மகால் வரைந்த திரைக்கு முன்னால் நான் வாயைத் திறந்து அழுதுகொண்டிருக்கும் படம். இரண்டையும் அப்பா மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். "பாப்பாவுக்குக் குதிர ஓட்டக் கத்துக்குடுக்கப் போறேன்."

அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "எதுக்குங்க? அவ மாட்டப் பாத்தாலே ஓடறா."

"அதுக்குத்தான்."

அடுத்த வாரமே மாஸ்டர் தேட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் குதிரை பழக்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூர் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள் எல்லை தாண்டி ஏதாவது தோட்டத்துக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ வந்து சேரும். அவற்றோடு ஆட்களும் வந்து சேர்வார்கள். அப்பா என்னை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்க்கப் போனார். சட்டைப் பையில் கேள்விகள் எழுதிய தாள் ஒன்று இருந்தது. அந்த வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பார்த்தவர் மத்திகிரிப் பக்கம் இருந்த ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். அப்பா தாளை வெளியே எடுப்பதற்குள் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"கொழந்த கேட்டாளா, நீங்களா கூட்டியாந்தீங்களா?"

அப்பா ஏதோ முனகினார்.

"மொத மாசம் குதிரைக்குத் தீனி போடட்டும். பக்கத்துல நிக்கட்டும். ஏத்தறதப் பத்தி அப்புறம் பாப்போம். நீங்க உள்ள வரக் கூடாது. கேட்டுகிட்ட விட்டுட்டுப் போயிடணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா பொருமினார். "இன்டர்வியூ பண்ணப் போனது நாமளா, அவரா?" வீட்டுக்கு வந்ததும் தாளில் அந்தப் பெயரின் மேல் இரண்டு கோடு போட்டார்.

இரண்டாவது, மார்க்கெட் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். "ஒரே நாள்ல ஏத்தி உக்கார வெச்சிடறேன் சார். பயந்து நடுங்கற மாப்பிள்ளைங்களே உக்காந்துக்கறாங்க, பாப்பாவுக்கென்ன" என்றார். அப்பாவுக்குக் கொஞ்சம் ஆசைதான். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "பொம்பளப் புள்ளைய மாப்பிள்ளக் குதிரையில ஏத்துவாங்களா? நாளைக்கு இவளக் கட்டிக்க எவன் வருவான்? அவன் எதுல வருவான்?"

மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் மாஸ்டர். சிப்காட்டுக்குப் பின்பக்கம் ஏரியைத் தாண்டி, தக்காளியும் கோஸும் போட்டிருந்த ஒரு தோட்டம். அதன் முதலாளி பெங்களூரில் இருந்தார். ஆசைக்கு மூன்று குதிரைகள் வைத்திருந்தார். அவற்றைப் பார்த்துக்கொள்ள மாஸ்டர். இளவயதில் பெங்களூரில் பந்தயக் குதிரைகளை விடியற்காலையில் ஓட்டிப் பழக்கும் வேலை பார்த்தவராம். குள்ளமாக, ஒல்லியாக, யாருடையதோ போலத் தொளதொளத்த சட்டையில் இருப்பார். வீட்டில் தெலுங்கு, குதிரைகளிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர் எனக்கென்று காட்டிய குதிரை ஒரு பழுப்பு நிறப் பெட்டை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. பங்காரி என்று கூப்பிட்டார். தெலுங்கில் தங்கம்.

அப்பா தாளை எடுத்துப் படித்தார்.

"நான் செகண்ட் ஷிஃப்ட் இருக்கற வாரம் மட்டும்தான் கூட்டிட்டு வர முடியும். காலையில."

"ஆகட்டும் சார்."

"நான் பக்கத்துலயே நின்னு பாப்பேன்."

"ஆகட்டும் சார்."

"லீவு முடியறதுக்குள்ள தனியா ஓட்டணும்."

இதற்கு மட்டும் அவர் குதிரையின் கழுத்தைக் கொஞ்ச நேரம் சொறிந்து கொடுத்தார். பிறகு, "ஆகட்டும் சார்."

அவராகச் சொன்னது ஒன்றே ஒன்று. "தலைக்கு ஏதாச்சும் கெட்டியாப் போட்டாத்தான் ஏத்துவேன்." அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பாதுகாப்பு என்ற சொல்லைத் தினமும் சுவரில் பார்த்துக்கொண்டு வேலை செய்பவர் அல்லவா? மறுநாளே தொழிற்சாலையிலிருந்து ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கொண்டு வந்தார். அது எனக்கு மூக்குவரை இறங்கியது. அம்மா உள்ளே ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

"எப்படி ஆளு?" என்று அம்மா கேட்டபோது அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சொன்னா கேக்கற ஆளு. அதான் வேணும்."

அந்தக் கோடை லீவு முழுக்க எனக்குக் குதிரையின் வாசனைதான். மாஸ்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். குதிரையிடமும் என்னிடமும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வருவார். சில நேரம் மொழி மாறிவிடும்.

"அவசரப்படாத. தலைய ஆட்டாத. வயித்துல பயம் இருந்தா அது கால் வரைக்கும் தெரியும்."

"யாரச் சொல்றீங்க மாஸ்டர்?"

"ரெண்டு பேரையும்தான்."

மூன்றாவது தடவை போனபோது பயம் போய்விட்டது. ஒரு மாதத்தில் பங்காரி என் பேச்சைக் கேட்கிறது என்று நம்ப ஆரம்பித்தேன். அது மாஸ்டரின் பேச்சை மட்டும்தான் கேட்டது, அவர் கயிற்றின் வழியாக அதனோடு பேசிக்கொண்டே இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஏரியோரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, பகல் பன்னிரண்டு மணி ஆகும்வரை வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்ப்பார். பிறகு என்னை வீட்டில் இறக்கிவிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போவார். நாங்கள் தோட்டத்தைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் இரண்டு மணிச் சங்கு ஊதும். எந்த நாளும் அது ஊதும்போது நான் குதிரை மேல் இருந்ததில்லை.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அப்பா ஒரு கேமராவை இரவல் வாங்கிவிட்டார். கூட வேலை செய்பவர் ஒருவருடையது. அவர் அன்று மாலையே ஒரு கல்யாணத்துக்காக அஞ்செட்டிப் பக்கம் போக வேண்டும். ஷிஃப்ட் தொடங்குவதற்குள் கேமராவைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பேச்சு. அது அப்பாவின் கைக்கு வந்து சேரவே நண்பகல் தாண்டிவிட்டது. அவர் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டே தோட்டத்துக்கு வந்தார். எனக்கு அம்மா தீபாவளிச் சட்டையைப் போட்டு அனுப்பியிருந்தாள்.

மூன்று படம் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் கேமராவை இறக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கயிறு தெரியுது மாஸ்டர்."

மாஸ்டர் குதிரைக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றார்.

"இப்ப கீழ உங்க கால் தெரியுது. பாக்கறவன் ஆறு கால் குதிரைம்பான்."

நான் குதிரை மேலேயே விழுந்து விழுந்து சிரித்தேன். மாஸ்டரும் சிரித்தார். கையைத் தூக்கி நிழல் பார்த்தாரோ, வானம் பார்த்தாரோ, மறுபடி முன்னால் வந்தார்.

"கயிற விட்டுட்டு இப்படி வாங்க" என்றார் அப்பா. "ஒரு மாசமாக் கத்துக்கிட்டா இல்ல? முந்தாநேத்து முழு ரவுண்டு ஒரு குத்தம் சொல்ல முடியாம வந்தா. எங்க கம்பெனியில மொத பீஸ் ஓகேன்னா லாட் ஓகே."

அது அவர்கள் வேலை முறை. காலையில் மெஷினிலிருந்து விழுகிற முதல் பீஸை இன்ஸ்பெக்ஷனுக்குக் கொண்டு வருவார்கள். அளவு சரியாக இருந்தால் அப்பா கையெழுத்துப் போடுவார். மெஷின் நாள் முழுக்க ஓடும், அதில் விழுகிற மொத்தமும் ஒரு லாட். அப்பா தன் வாழ்நாளில் நம்பிய கொள்கை என்று ஒன்று இருந்தால் அதுதான்.

"குதிர லாட் இல்லீங்க சார்" என்றார் மாஸ்டர். "சங்கு ஊதற நேரம் ஆயிடுச்சு. ஊதி முடியட்டும். அப்புறம் விடறேன்."

"சங்கு ஊதறப்ப நான் உள்ள இருக்கணும் மாஸ்டர், இப்பவே லேட்டு. இதையும் குடுக்கணும். ரெண்டு நிமிஷ வேல. அந்தத் தொப்பியையும் கழட்டுங்க, முகமே தெரியல."

"தொப்பியக் கழட்ட மாட்டேன் சார்."

அந்த ஒரு மாதத்தில் அவர் ஆகட்டும் சார் என்பதைத் தவிர வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. ஒரு கணம் அவர் திகைத்துப் போனார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார்.

"சரி, தொப்பி இருக்கட்டும். கயிறையாச்சும் விடுங்க. சொன்னாக் கேக்கற ஆளுன்னுதானே உங்கள வெச்சோம்?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

"ஆகட்டும் சார்" என்றார்.

கொக்கியைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி, நாலைந்து அடி தள்ளிப் போய் நின்றார். "பாப்பா, கடிவாளத்த இழுக்காத. சும்மா உக்காரு. மூச்சு விடு." நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போதும் உடம்பு சொல்லும். முதல் முறையாக என்னையும் குதிரையையும் தவிர வேறு யாரும் இல்லை. அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "சிரி பாப்பா" என்றார். சிரித்தேன். கேமரா ஒரு தடவை சொடுக்கியது.

சங்கு ஊதியது.

பந்தயக் குதிரைக்கு மணிச் சத்தமும் கதவு திறக்கும் சத்தமும் ஓடு என்ற உத்தரவு என்று நான் பிறகுதான் யார் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அது சோறு வைக்கும் நேரம், ஷிஃப்ட் நேரம், அவ்வளவுதான். பங்காரிக்கு அப்படியில்லை. என் தொடைகளுக்கு அடியில் அதன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. அடுத்து எனக்குத் தெரிந்தது காற்று. கோஸ் பாத்திகள் பச்சைக் கோடாக இழுபட்டன. யாரோ கன்னடத்தில் கத்தினார்கள். வாய்க்கால் வந்தது. குதிரை அதைத் தாண்டியது, நான் தாண்டவில்லை.

இடது கை எனக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஒடிந்தது. தலை வாய்க்கால் கரையின் கல்லில் மோதியது. மஞ்சள் ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. உள்ளே அம்மா தைத்த துண்டு மட்டும் தலையில் இருந்தது. முதலில் ஓடி வந்தவர் மாஸ்டர். அவருக்குப் பின்னால் அப்பா வந்தார், ஒரு கையில் கேமராவோடு. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நர்ஸிங் ஹோமில் கட்டுப் போட்டார்கள். தகவல் போய் அம்மா ஓடி வந்தாள். ஒரு காலில் வீட்டுச் செருப்பு, மறு காலில் வெளியே போகும் செருப்பு. என் தலையைத் தடவினாள், கழுத்தைத் தடவினாள், கையைப் பார்த்தாள். பிறகுதான் கேட்டாள்.

"கயிறு இருக்குமே? யாருடி கயிற விட்டது?"

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் தொழிற்சாலைக்குப் பெரிய கம்பெனிகளிலிருந்து ஆட்கள் வந்து சோதனை போடுவார்கள். அதற்கு முந்தின நாள் அப்பா தன் கீழே வேலை செய்பவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்துப் பாடம் நடத்துவார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஒரு வார்த்த கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்." பொய் சொல்லக் கூடாது என்பதில் அவர் கறாரானவர். கேட்காததைச் சொல்லக் கூடாது என்பதில் அதைவிடக் கறாரானவர். நான் கதவோரம் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்.

"மாஸ்டர்" என்றேன்.

அது உண்மை. கயிற்றை விட்டது அவருடைய கைதான்.

அவர் கதவருகே நின்றிருந்தார். கையில் என் செருப்பு ஒன்று. இன்னொன்று வாய்க்காலில் போயிருக்க வேண்டும்.

"ஆமாம்மா" என்றார். "நான்தான் விட்டேன்."

"உன் கொழந்தையா இருந்தா விட்டிருப்பியா? நீயெல்லாம் ஒரு வாத்தியாரா? உன்ன நம்பித்தானே அவங்கப்பா புள்ளையக் கூட்டிட்டு வந்தாரு?"

மாஸ்டர் அம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஜன்னலோரம் நின்றிருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்பா கேமராவின் தோல் உறையை மூடிக்கொண்டிருந்தார். பட்டன் விழவில்லை. எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் விழவில்லை. போகலாமா என்று மாஸ்டர் உத்தரவுக்குக் காத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

தோட்டத்து முதலாளி பெங்களூரிலிருந்து வந்த நாளில் அம்மா நேரே போய்ப் பேசிவிட்டு வந்தாள். அந்த மாதம் முடிவதற்குள் மாஸ்டர் அங்கே இல்லை. எங்கே போனார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அன்று எடுத்த படங்களைக் கேமராக்காரர் கழுவிக் கொண்டு வந்து கொடுத்தாராம். அப்பா அவற்றை வீட்டுக்கே கொண்டு வரவில்லை. அவர் மேசை மேல் என்ன வைத்தார் என்பது எனக்குத் தெரியாது.

இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரி விடுதியில், ஆபீஸ் கேன்டீனில், கல்யாணமான புதிதில் கணவரிடம். எல்லா இடத்திலும் அது ஒரு பொறுப்பில்லாத மாஸ்டரின் கதைதான். கயிறை விட்டுட்டான் மடையன் என்று யாராவது சொல்வார்கள், நானும் ஆமாம் என்பேன். மகளுக்காக நான் எழுதிய இரண்டு பக்கக் கேள்விகளும் அந்த மாஸ்டரை மனசில் வைத்து எழுதியவை. சொல்லிக்கொடுப்பவர் எப்படிப்பட்டவர், குதிரை எப்படிப்பட்டது என்றுதான் அவற்றில் இருந்தது. பக்கத்தில் நின்று பார்க்கிற பெற்றவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி இல்லை.

மாஸ்டரை இப்போது உத்தமராக்கிக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. சங்கு ஊதப் போகிறது என்று தெரிந்தும் கயிற்றை விட்டவர் அவர். ஆனால் அன்று இரண்டு தடவை இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. சம்பளம் தருகிற ஒருவரிடம் ஒரு தடவை சொல்வதற்குத்தான் அவருக்குத் தெம்பு இருந்திருக்கும். அந்த ஒன்றை அவர் என் தலைக்காகச் செலவு செய்துவிட்டார். நான் உட்கார்ந்து இதை எழுதுவது அதனால்தான். ஆனேக்கல் பெண்ணுக்கு அந்தத் தெம்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது. அதைத்தான் மரியாதை இல்லை என்று நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

வருகிற ஞாயிறு அவளிடமேதான் போகிறோம். செல்போனைக் காரிலேயே வைத்துவிடுவதாக மகளிடம் சொல்லிவிட்டேன். அப்பா தானும் வருவதாகச் சொன்னார். கயிற்றை விடச் சொன்னது யார் என்று அம்மாவுக்கு என்றைக்காவது தெரிந்ததா என்பதைக் கேட்கலாம். எழுபத்தாறு வயது மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த வருடம் என் கைக்கட்டைப் பிரித்த மறு வாரம் அப்பா எனக்கு ஒரு சைக்கிள் வாங்கி வந்தார். எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் யாருக்கும் அப்போது சொந்த சைக்கிள் கிடையாது. கை ஒடிந்ததற்குக் கிடைத்த பரிசு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்னொரு கையும் ஒடிந்தால் என்ன கிடைக்கும் என்று ஒருத்தி கேட்டாள்.

முதல் ஷிஃப்ட் வாரங்களில் வேலை முடிந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அப்பா தெருவுக்கு வந்துவிடுவார். நான் மிதிக்க மிதிக்க, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். ஒரு வாரம் ஓடினார். இரண்டு வாரம் ஓடினார். எனக்கு நன்றாகவே ஓட்ட வந்துவிட்டது. ஆனாலும் திரும்பிப் பார்த்தால் கேரியரில் அவர் கை இருக்கும்.

"விடுப்பா!"

"விடறேன், விடறேன். நீ முன்னால பாரு."

விடமாட்டார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் மூன்றாவது நாளே விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். "ஏய், உனக்கு சைக்கிள் வாங்கினாங்களா, உங்கப்பாவுக்கா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் சைக்கிளை அப்படியே தெருவில் போட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.

"அப்பாவுக்குச் சொல்லிக்குடுக்கவே தெரியலம்மா" என்றேன். "வேற யாரையாச்சும் வைம்மா."

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா எனக்குப் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. கேரியரைப் பிடித்துப் பிடித்து இரண்டு உள்ளங்கையும் சிவந்து தடித்திருந்தன. அம்மா கத்தியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவருடைய உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பெரியவர்கள் ஏன் இப்படி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வெளிச்சம் போவதற்குள் இன்னும் ஒரு ரவுண்டாவது நான் தனியாகப் போயாக வேண்டும்.